அருணையில் பிச்சை ஏற்ற பாதிரியார்

திருவண்ணாமலையில் சாதுக்கள் பிச்சை ஏற்பது புதுமையன்று. கிரிவலம் வருவோர் பலர் அவர்களை ஏறிட்டும் பாராமல் நடந்துவிடுவதுண்டு. எனினும், 1952-ஆம் வருஷம் முதல் சில காலம் அருணாசல மலைக் குகைகளில் அவ்வப்போது வந்து தங்கி, ஊருக்குள் இறங்கி வீட்டு வாசல்களில் பிச்சை ஏற்று உண்ட ஒரு காவியுடைச் சந்நியாசியைப் பற்றி நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவர் பிரஞ்சு தேசத்தவர், கத்தோலிக்கப் பாதிரியார்.

இயற்பெயர் ஆன்ரி லெ ஸோ. 1910-ல் பிறந்தவர். பெனடிக்ட் சபை மடம் ஒன்றில் ஏறக்குறைய இருபது வருஷங்கள் ஜபமும் படிப்புமாகக் கழித்தபின், பாரதம் விடுதலை பெற்ற மறு வருஷம் தமிழ்நாடு வந்து சேர்ந்தார். குளித்தலைப் பக்கத்தில் முன்னரே ஊழியம் செய்துவந்த ஜூல் மோன்ஷனேன் என்னும் பாதிரியாருடன், 1949 ஜனவரியில் ரமண மகரிஷியைத் தரிசிக்கத் திருவண்ணாமலைக்கு வந்தார்.

முதல் தரிசனம் அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பெரியதோர் அநுபவத்தை எதிர்பார்த்து வந்தவர் கண்டது, அமைதியாக வீற்றிருந்த ஒரு முதியவரைத்தான். போதாக்குறைக்கு ஜுரமும் கண்டது. ஆசிரமத்தில் தங்கியிருந்த ஆங்கில மாது ஒருவர், மனத்தில் மூட்டை முடிச்சுகளோடு அவர் வந்திருப்பதாகவும், எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளும் அவசரத்தை விட்டுச் சும்மா இருக்க வேண்டுமென்றும் எடுத்துச் சொன்னார். அந்த அறிவுரையை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் தம் நூலிலும் எழுதிவைத்தார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கும் இது உறைக்கத்தான் செய்கிறது. கற்பிக்க வந்தவன் கீழே அமர்ந்து கேட்பது எத்துணைக் கடினம் என்பதை நாம் அறிவோம்.

1950-ல் பாதிரிமார் இருவரும் காவிரிக் கரையில், தண்ணீர்ப்பள்ளியில், சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினர். சாந்திவனம் என்று இன்று பலரும் அறிந்திருப்பது அதுவே. லெ ஸோ, அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்டார். கிறிஸ்து என்ற சொல்லுக்கு அபிஷேகம் பெற்றவர் என்பதே பொருளாகலின், பெயரிலும் தம் இறைவனை அவர் விடவில்லை என்பது விளங்கும்.

அவர் வாசலில் நின்று கையேந்தியதைக் கிறிஸ்தவர்கள் வியக்க வேண்டியதில்லை. ஆலயத்தில் தன் நோன்பையும் தருமத்தையும் எண்ணிக் காட்டிய பரிசேயனைவிட, தொலைவில் நின்று தலை நிமிராமல் மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனின் பிரார்த்தனையே மேலானது என்றவர் இயேசுநாதர். சீடர்களின் பாதங்களை அவர் தம் கையாலேயே கழுவினார். வாசலில் நிற்பவருக்குச் சோறிடுதலோ நம் இல்லங்களின் பழைய தருமம். மதம் கேளாமல் இடுவதே அதன் அழகு.

ஆனால் இதை எல்லோரும் ஒப்பவில்லை. இது விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்று கிறிஸ்தவர்களிற் சிலர் அஞ்சினர். காவியுடை மதமாற்றத்துக்கு இட்ட வேஷமோ என்று ஹிந்துக்களிற் சிலர் ஐயுற்றனர். இரு திறத்தாரின் கவலையையும் நாம் எள்ளி நகையாட மாட்டோம். அவருடைய நெஞ்சே அமைதியாக இருக்கவில்லை. அருணாசலம் ஒரு பக்கம் இழுக்க, இளமை முதல் வணங்கிய கிறிஸ்து மறு பக்கம் இழுக்க, அவர் பட்ட வேதனைக்கு அவருடைய நாட்குறிப்புகளே சாட்சி. திருச்சபையை அவர் துறக்கவில்லை, மலையையும் மறக்கவில்லை. வினாவுக்கு விடை கண்டுவிட்டதாகப் பறைசாற்றாமல், இரண்டையும் சுமந்தே வாழ்ந்தார். பாரதப் பிரஜையாகி, 1973 டிசம்பரில் இந்தூரில் காலமானார்.

தாழ்மை என்பது நம் கொள்கையைக் கைவிடுவது என்று எண்ணுவோர் உளர். அபிஷிக்தானந்தரோ தம் இறைவனை நெஞ்சில் வைத்துக்கொண்டே பிறர் வாசலில் தலைகுனிந்தார். நம்பிக்கை ஆட்டம் கண்ட நாட்களிலும் வழிபாட்டை அவர் நிறுத்தவில்லை. கோயிலுக்குச் செல்வோரும் மாதாகோயிலுக்குச் செல்வோரும் அவரிடம் கற்க வேண்டியது இதுவென்றே நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த முறை அருணையை வலம் வரும்போது, வழியில் கையேந்தி நிற்பவரை ஒரு கணமேனும் ஏறிட்டு நோக்குவோமாக.