மெலடோனின்: எவ்வளவு என்பதைவிட எப்போ என்பதுதான் முக்கியம்

"மெலடோனின் போட்டும் தூக்கமே வரல"ன்னு சொல்றவங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. பல நேரம் சிக்கல் மாத்திரையில இல்ல, அதைப் போடுற நேரத்துல இருக்கு. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப் போறோம்.

நம்ம மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. கண்ணுல படுற வெளிச்சத்தை வச்சுத்தான் அது பகல் எது, ராத்திரி எதுன்னு கணக்கு போடும். இருட்டினதும் அதோட உத்தரவுப்படி பீனியல் சுரப்பி ரத்தத்துல ஒரு ஹார்மோனை விடும். அதுதான் மெலடோனின். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னரும் அவரது குழுவினரும் மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். தூக்க மாத்திரை மாதிரி இது ஆளை அசத்திப் படுக்க வைக்காது. "ராத்திரி ஆயிடுச்சு"ன்னு உடம்புக்குச் சேதி சொல்லும், அவ்வளவுதான்.

ஒருத்தர் தினமும் ராத்திரி 2 மணிக்குத்தான் தூங்குறார்னு வச்சுக்குவோம். அவர் உடம்புல 12 மணி வாக்கிலேயே மெலடோனின் ஏற ஆரம்பிச்சிருக்கும். 2 மணிக்கு மாத்திரை போட்டா, ஏற்கெனவே வந்த சேதியைத் திரும்பச் சொன்ன மாதிரிதான். அதே மாத்திரையை 9 மணி வாக்கில் போட்டா, கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகரும். அரை மில்லிகிராம்கூட இதுக்குப் போதுமானதா இருக்கலாம். காலையில போட்டா கதை தலைகீழ், தூக்கம் இன்னும் தள்ளிப் போகும். அதனால அளவையும் நேரத்தையும் டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

லேபிளை மட்டும் நம்பாதீங்க. 2023-ல் அமெரிக்காவில் 25 மெலடோனின் ஜெல்லி மிட்டாய்களைச் சோதித்தபோது, 22-ல் லேபிளில் போட்டிருந்த அளவு சரியாக இல்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை!

வேற சில மாத்திரைகளும் புழக்கத்துல இருக்கு. சளி மாத்திரை தூக்கம் தரும், ஆனா சில நாள்லயே உடம்பு அதுக்குப் பழகிடும். மறுநாள் காலையில மந்தமாவும் இருக்கும். அல்பிரசோலம், சோல்பிடெம் ரெண்டும் டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாத மருந்துகள். நண்பர் கொடுத்தார்னு வாங்கிப் போடாதீங்க. தினமும் எடுத்துக்கிட்டு இருந்தா, நீங்களா திடீர்னு நிறுத்தவும் வேண்டாம்.

மாத்திரையைவிடப் பெரிய ஆயுதம் சூரிய வெளிச்சம். எழுந்ததும் ஒரு அரை மணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நில்லுங்க. எழுந்திருக்கிற நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாத்தாதீங்க. சாயங்கால காபியில இருக்கிற கஃபீன் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி வெளிச்சத்தைக் குறைச்சுக்கோங்க. பளிச்சுன்னு எரியற லைட்டு, நீங்க போட்ட மாத்திரை சொல்ற சேதிக்கு நேர் எதிரா பேசும்.

இவ்வளவும் செஞ்சும், வாரத்துல மூணு நாளுக்கு மேல, மூணு மாசமா தூக்கம் இல்லையா? டாக்டரைப் பாருங்க. இதுக்கு முதல் சிகிச்சையே மாத்திரை இல்ல, தூக்கத்துக்கான சிபிடி பயிற்சிதான். பலமா குறட்டை வந்து நடுவுல மூச்சு நின்னு போச்சுன்னா, தூக்க மாத்திரை பக்கமே போகாம முதல்ல அதைப் பரிசோதிச்சுடுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். இதை ராத்திரி 1 மணிக்குக் கேட்டுட்டு இருக்கீங்கன்னா, போனை வச்சுட்டுப் போய்ப் படுங்க!