போதைநோய் மருத்துவமும் அதன் சான்றிதழும்

நெடுங்காலமாக மதுவை மிகுதியாக அருந்தி வந்த ஒருவர், கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுவதாக வைத்துக் கொள்ளலாம். எலும்பைப் பொருத்தி மாக்கட்டுப் போடுகின்றனர். மறுநாளே அவருக்குக் கை நடுங்குகிறது, உடல் வியர்க்கிறது. மூன்றாம் நாள் இடமும் காலமும் மறந்து, படுக்கையில் பூச்சிகள் ஊர்வதாகக் கூவுகிறார்; நாடி விரைகிறது; காய்ச்சல் ஏறுகிறது. பழகிய மது திடீரென நின்றதால் விளையும் இந்நிலைக்குத் தக்க சிகிச்சை அளிக்காவிடின் உயிருக்கே ஆபத்து நேரலாம். நரம்புக் கிளர்ச்சியைத் தணிக்கும் மருந்தை அளவறிந்து கொடுத்து, தையமின் என்னும் வைட்டமினை ஊசி மூலம் செலுத்தினால், பெரும்பாலோர் சில நாட்களில் தெளிவடைவர். இவையெல்லாம் மருத்துவ நூல்களில் நெடுநாளாக இடம்பெற்றுள்ள செய்திகளே. ஆயினும் இந்நோயாளி யாருடைய பொறுப்பு? எலும்பு நிபுணருடையதா, பொது மருத்துவருடையதா, மனநோய் மருத்துவருடையதா? மாக்கட்டு அவிழ்ந்து அவர் வீடு திரும்பிய பின், மீண்டும் குடிக்காதிருக்கத் துணை நிற்க வேண்டியவர் யார்?

மது, அபின், ஹெராயின் முதலியவற்றுக்கு உடலும் உள்ளமும் அடிமைப்படும் நிலையைப் போதைநோய் எனலாம். இதற்கென ஒரு தனி மருத்துவத் துறையும், அதில் தேர்ந்தவர் இன்னார் என்று காட்டும் சான்றிதழும் முறைப்படி ஏற்பட்ட வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தெளிவாகக் காணப்படுகிறது.

குடிவெறி ஒரு நோய் என்னும் கருத்து புதியதன்று. பிலடெல்பியா நகர மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784-ஆம் ஆண்டிலேயே அதனை எழுதினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் டிராட்டர் என்பவர் இதே பொருள் குறித்து ஆராய்ச்சியுரை அளித்தார். எனினும் கருத்து ஒன்று, நடைமுறை வேறு. 1914-இல் அமெரிக்காவில் ஹாரிசன் சட்டம் இயற்றப்பட்டது. அபினும் கொக்கெயினும் அரசாங்கப் பதிவுக்கும் வரிக்கும் உட்பட்டன. ஒருவருடைய பழக்கத்தை நீடிக்கச் செய்வதற்காக மருத்துவர் எழுதித் தரும் சீட்டு மருந்துச் சீட்டே ஆகாது என 1919-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவர் பலர் வழக்குகளில் சிக்கினர். ஏனையோர் இந்நோயாளிகளைக் கண்டால் கதவை அடைத்துக் கொண்டனர். இவ்வாறு ஒரு தலைமுறைக் காலத்துக்கு இந்நோய் பெரும்பாலும் காவல் துறையின் கைக்குப் போய்விட்டது.

அறிவு வளர்ந்த இடமும் ஒருவகையில் சிறைச்சாலையே. 1935-இல் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் அரசாங்கம் ஒரு மருத்துவமனையைத் திறந்தது. தண்டனை பெற்றவர்களும், தாமாக வந்தவர்களும் அங்கே ஒருங்கே தங்கினர். அதனைச் சேர்ந்த பண்ணையில் வேலை செய்தனர். அங்குப் பணியாற்றிய ஆபிரகாம் விக்ளர் ஒரு முக்கியமான உண்மையைக் கவனித்தார். அபினை விட்டுப் பல மாதங்களாகியும், அதனைப் பற்றிப் பேச்செடுத்தவுடனோ, பழைய தெருவுக்குத் திரும்பியவுடனோ, நோயாளிகளுக்குக் கொட்டாவியும் கண்ணீரும் வயிற்று நோவும் மீண்டும் தோன்றின. உடலிலிருந்து நஞ்சை நீக்குவது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு என்பதை இது காட்டிற்று. பழக்கத்தின் சுவடு மூளையில் பதிந்து விடுகிறது. காட்சியும் மணமும் பழைய தோழர் முகமும் அதனை எழுப்ப வல்லவை. மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே என்று எளிதாகச் சொல்பவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதிலிருந்து எழும் மற்றோர் ஆபத்தும் உண்டு. நாள்தோறும் ஹெராயின் கொள்பவரின் உடல் பெரிய அளவையும் தாங்கப் பழகியிருக்கும். சிறையிலோ மருத்துவமனையிலோ சில வாரம் அதனை விட்டிருந்தால் அத்தாங்கும் ஆற்றல் மறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று மரணம் சம்பவிக்கும். ஆதலால், மருந்து எதுவும் தொடராமல் ‘நச்சு நீக்கம்’ மட்டும் செய்து அனுப்புவது சில சமயம் நோயாளியை முன்னிலும் பெரிய ஆபத்தில் விடுவதாகும். நியூயார்க்கில் ராக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1964-இல் தொடங்கிய ஆய்வு இங்கே வழிகாட்டியது. நாளுக்கு ஒருமுறை வாய்வழியே கொடுக்கப்படும் மெதடோன், வேட்கையை அடக்கி, நோயாளி வேலைக்குச் செல்லவும் குடும்பத்தைப் பேணவும் இடமளித்தது. புப்ரெனார்பின் என்னும் மருந்தும் பின்னர் இவ்வகையில் சேர்ந்தது. இவற்றை இடைவிடாது பெறுவோரிடையே மரணம் பெரிதும் குறைவது பல நாடுகளில் கண்ட உண்மையாகும்.

அறிவு இவ்வாறு திரண்டு வந்த போதிலும், அதனைப் பயின்றவர் யார் என்று பொதுமக்கள் அறிய வழியில்லை. ரூத் பாக்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1954-இல் நியூயார்க் நகரில் இத்துறையில் நாட்டமுள்ள மருத்துவர்களுக்கு ஒரு சங்கம் நிறுவினார். குடிநோயாளிகளை மருத்துவமனைகள் ஏற்க வேண்டுமென 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அறிவித்தது. 1983-இல் கலிபோர்னியா மருத்துவர்கள் தமக்குள் ஒரு தேர்வையே நடத்திப் பார்த்தனர்; 1986-இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. பல ஆண்டு அனுபவமுள்ள மருத்துவர்கள் எவரும் கட்டாயப்படுத்தாமலே மாணவர்களைப் போலப் பரீட்சைக்கு அமர்ந்தது வியப்புக்குரியதே. எனினும் அச்சான்றிதழுக்கு முழு மதிப்பு உடனே கிட்டவில்லை. அந்நாட்டில் சிறப்புத் துறைகளை அங்கீகரிக்கும் பெரிய வாரியம் ஒன்று உண்டு. அதன் உறுப்பு வாரியங்கள் இருபத்துநான்கு. அவற்றுள் ஒன்றன் கீழ் வராத துறைக்கு, போதனா மருத்துவமனைகளில் முறையான பயிற்சி இடங்களைப் பெறுவது அரிது.

மனநோய் மருத்துவர்கள் முந்திக் கொண்டனர். போதைநோய் மனநல மருத்துவம் என்னும் பெயரில் அவர்களுக்கான தேர்வு 1993-இல் நடந்தது. ஆனால் நோயாளிகள் மனநோய் மருத்துவரை நாடியா முதலில் வருகின்றனர்? கல்லீரல் பழுதுற்று ஒருவர் வருகிறார். ஊசியால் தொற்று ஏறி இன்னொருவர் வருகிறார். கருவுற்ற பெண்ணொருத்தி மகப்பேற்று மனைக்கு வருகிறாள். ஆகவே எல்லாத் துறையினருக்கும் வழிதிறக்கும் சான்றிதழ் வேண்டுமென்ற வாதம் வலுப்பெற்றது. 2007-இல் இதற்கெனத் தனி வாரியம் அமைந்தது. 2015 அக்டோபரில் பெரிய வாரியம், தடுப்பு மருத்துவ வாரியத்தின் கீழ் ஓர் உட்பிரிவாகப் போதைநோய் மருத்துவத்தை ஏற்றது. 2016 மார்ச்சில் அது அறிவிக்கப்பட்டது. 2017-இல் முதல் தேர்வு நடைபெற்றது. மகப்பேறு, குழந்தை மருத்துவம், அறுவை, பொது மருத்துவம் என எத்துறையில் முதற் சான்றிதழ் பெற்றவரும் பன்னிரண்டு மாத மேற்பயிற்சி முடித்துத் தேர்வு எழுதலாம். பயிற்சி இடங்கள் பெருகும் வரை, இத்துறையில் போதிய காலம் பணியாற்றியவர்களுக்கும் தேர்வெழுத இடமளிக்கப்பட்டது.

சான்றிதழ் ஒரு விளக்காகவும் பயன்படும், ஒரு வேலியாகவும் மாறும். இதற்கும் அமெரிக்க வரலாறே சாட்சி. அங்கு 2000-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, புப்ரெனார்பின் எழுத விரும்பும் மருத்துவர் எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றுத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. முதலாண்டில் முப்பது நோயாளிகளுக்கு மேல் ஏற்கலாகாது. போதைநோயை உண்டாக்க வல்ல வலி மருந்துகளை எழுத இத்தகைய தனி அனுமதி தேவைப்படவில்லை. அந்நோயைத் தணிக்கும் மருந்துக்கு மட்டும் தேவைப்பட்டது! பெரும்பாலான மருத்துவர்கள் அனுமதி கோரவே முன்வரவில்லை. ஹெராயினாலும் பின்னர் பென்டனிலாலும் மரணங்கள் ஏறிக்கொண்டே சென்றன. 2022 டிசம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதற்கு மாறாக, இவ்வகை மருந்துகளை எழுதும் உரிமை பெற்ற மருத்துவர் அனைவரும் போதைநோய் குறித்து எட்டு மணி நேரம் பயில வேண்டுமென்ற விதி 2023 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தது. சிறப்புச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. சிக்கலான நோயாளியை நிபுணர் பார்க்கலாம்; சாதாரண நோயாளியைச் சாதாரண மருத்துவரே பார்த்தாக வேண்டும் என்பதே இம்மாறுதலின் கருத்து.

இந்தியாவில் இத்துறை மனநல மருத்துவத்தின் கிளையாகவே வளர்ந்துள்ளது. மனநல மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றோர் மேலும் மூன்று ஆண்டு பயின்று டி.எம். பட்டம் பெறலாம், புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், சண்டீகர் மேற்பட்டப் படிப்பு நிலையம், பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆகியவற்றில் இப்படிப்பு உண்டு. மது, போதைப் பொருள் இவற்றால் நேரும் மனநிலைக் கோளாறுகளையும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆழ்ந்த பயிற்சி கிடைப்பது இம்முறையின் சிறப்பு. பிற துறை மருத்துவர்களுக்கு இவ்வழி அடைபட்டிருப்பது அதன் குறை.

நோயின் பரப்போ மிகப் பெரிது. டில்லிக் கழகத்தின் கீழ் காசியாபாதில் இயங்கும் தேசியப் போதைநோய்ச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2019-இல் வெளியாயிற்று. அதன்படி மதுவால் விளையும் தொல்லைகளுக்கு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கு மேற்பட்டோர். அபின் வகைகளால் அவ்வாறு துன்புறுவோர் சுமார் 77 லட்சம் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினர். மூன்றாண்டுப் பட்டம் பெறும் நிபுணர்களைக் கொண்டு மட்டும் இத்தொகையை எட்ட இயலாது என்பது வெளிப்படை.

ஆதலால் அம்மையம், அரசாங்க மருத்துவமனைகளின் பொது மருத்துவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளை அளித்து வருகிறது. அவர்கள் பணிபுரியும் மருத்துவமனைகளிலேயே வெளிநோயாளிகளுக்கான சிகிச்சைப் பிரிவுகள் சில இடங்களில் ஏற்பட்டுள்ளன; ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஓர் ஆலோசகர், மருந்து இருப்பு இவையே அவற்றின் முக்கிய சாதனம். ஊசி மூலம் ஹெராயின் ஏற்றுவோரிடையே எய்ட்ஸ் பரவுவதைத் தடுக்கும் பொருட்டு, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2007 முதல் புப்ரெனார்பின் சிகிச்சையைத் தன் திட்டத்தில் சேர்த்துக் கொண்டது. 2012 முதல் மெதடோனும் சில மையங்களில் வழங்கப்பட்டு வருகிறது. இம்மருந்தைப் பெற நோயாளி நாள்தோறும் மையத்துக்கு வர வேண்டியிருப்பதால், அது அவருடைய வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் எவ்வளவு அருகில் உள்ளது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் சிகிச்சை நிலைப்பதும் நிற்பதும் அமைகின்றன.