விமானப் பயணம்

நிலத்தில் நடந்தும், விலங்குகள் மேல் ஏறிச் சென்றும், கலம் செலுத்திக் கடல் கடந்தும் வாழ்ந்துவந்த மனிதன், பறவையைப் போல வானில் பறக்க நெடுங்காலம் ஏங்கினான். அவ்வேக்கம் 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் நிறைவேறியது. அன்று அமெரிக்க நாட்டில் ரைட் சகோதரர்கள் செய்த விமானம் முதன்முதலாகப் பன்னிரண்டு வினாடி நேரம் பறந்தது. முப்பது ஆண்டுகள் முடிவதற்குள் சென்னை மாநகருக்கும் விமானத் தபால் வந்து சேர்ந்தது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா என்பவர் கடிதப் பைகளைச் சிறு விமானம் ஒன்றில் ஏற்றிக்கொண்டு, கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவ்விமானத்தைச் செலுத்தியவர் அவருடைய தோழர் நெவில் வின்சென்ட் ஆவார்.

அன்று கடிதங்கள் சென்ற வானவழியில் இன்று எண்ணற்ற மக்கள் செல்கின்றனர். செல்வர்க்கே உரியது எனக் கருதப்பட்ட விமானப் பயணம், இக்காலத்தில் கல்வியை நாடிச் செல்லும் மாணவர்க்கும், வேலை தேடிக் கடல் கடக்கும் தொழிலாளர்க்கும், மக்களைக் காணச் செல்லும் முதியோர்க்கும் உரியதாகிவிட்டது. ஆயினும், முதன்முறை விமானம் ஏறுவோர் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுவது இயல்பே. வாயிலில் ஒரு சோதனை, உள்ளே மற்றொரு சோதனை, இருக்கையில் அமர்ந்த பின்னும் பற்பல அறிவுரைகள்; இத்தனையும் எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்வர். அவை பயணியைத் துன்புறுத்துவதற்காக ஏற்பட்டவை அல்ல. ஒவ்வொரு விதிக்குப் பின்னும் ஒரு காரணம் உண்டு. சில விதிகளுக்குப் பின்னே பல உயிர்களின் இழப்பும் உண்டு. அக்காரணத்தை அறிந்தவனுக்கு அச்சமும் இல்லை, சலிப்பும் இல்லை.

பயணத்திற்குரிய ஒழுங்கு வீட்டிலேயே தொடங்குகிறது. முதலில் பயணச் சீட்டையும் அடையாளச் சான்றையும் அருகருகே வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். தந்தையின் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம். வெளிநாடு செல்ல உதவும் பாஸ்போர்ட்டிலோ அவ்வெழுத்து முழுப்பெயராக விரிந்து நிற்பதுண்டு. சீட்டில் ஒரு வகையாகவும் பாஸ்போர்ட்டில் வேறு வகையாகவும் பெயர் இருப்பின், புறப்படும் வேளையில் இடர் நேரும். ஆதலின், சீட்டு வாங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளவாறு பெயரை எழுதுவித்தல் நலம்.

அடுத்து மூட்டை முடிச்சுகளைக் கவனிப்போம். பயணி தன்னுடன் வைத்துக்கொள்ளும் கைப்பை ஒரு வகை. விமானத்தின் அடிப்பகுதியில் ஏற்றப்படும் பெட்டி மற்றொரு வகை. நம் நாட்டுக்குள் செல்லும் பயணங்களில் கைப்பைக்கு 7 கிலோவும், பெட்டிக்கு 15 கிலோவும் பெரும்பாலும் அளவாக இருக்கும். தமக்குரிய அளவு எதுவெனப் பயணச் சீட்டிலேயே காணலாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. விமானத்தில் ஏற்றுவதையோ கட்டாயம் அளந்தே ஏற்ற வேண்டும். மிகுதியான எடைக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. வீட்டிலேயே நிறுத்துப் பார்த்தால், பலர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பொருள்களை மாற்றும் சங்கடம் நேராது.

எதை எங்கே வைப்பது என்பதும் அறியத்தக்கது. கைப்பேசிக்கு மின்னூட்டம் தரும் பவர் பேங்க்கைப் பெட்டியில் வைத்தல் ஆகாது. கைப்பையிலேயே வைத்தல் வேண்டும். அதனுள் இருக்கும் லித்தியம் மின்கலம் சில வேளைகளில் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். பயணிகள் அமர்ந்துள்ள பகுதியில் தீப்பற்றினால் பணியாளர் உடனே கண்டு அடக்குவர். அடிப்பகுதியில் பெட்டிகளுக்கு நடுவே பற்றினால் அதனை யாரும் அணுக இயலாது. நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் கொப்பரைத் தேங்காயும் விமானத்தில் இடர்ப்பொருளாகக் கருதப்படுகிறது. எண்ணெய் மிகுந்த கொப்பரை தானே வெப்பமுற்றுக் கனன்று எரியும் தன்மையுடையது. பயன் மிகுந்த பொருளாயினும், இடம் மாறினால் அது தீங்காகலாம் என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

விமான நிலையத்திற்கு உள்நாட்டுப் பயணமாயின் இரண்டு மணி நேரம் முன்னரும், வெளிநாட்டுப் பயணமாயின் மூன்று மணி நேரம் முன்னரும் சென்று சேர்தல் நன்று. எந்த முனையத்திலிருந்து விமானம் புறப்படும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சென்னை மீனம்பாக்கத்தில் உள்நாட்டு முனையம் காமராசர் பெயரையும், பன்னாட்டு முனையம் அறிஞர் அண்ணாவின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. வாயிலில் நிற்கும் காவலரிடம் பயணச் சீட்டையும் அடையாளச் சான்றையும் காட்டிய பின் உள்ளே செல்லலாம். விமான நிறுவனத்தாரின் முகப்பில் பெட்டியை ஒப்படைத்தால், இருக்கை எண் குறித்த போர்டிங் பாஸ் என்னும் சீட்டைத் தருவர்.

அவ்விடத்தை விட்டு நீங்குமுன் செய்ய வேண்டிய சிறு செயல் ஒன்று உண்டு. பெட்டியில் ஒட்டப்படும் தாளில் ஊரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் இருக்கும். மதுரைக்கு ஐ. எக்ஸ். எம்.; கோயம்புத்தூருக்குச் சி. ஜே. பி.; சென்னைக்கு எம். ஏ. ஏ. மெட்ராஸ் என்னும் பழம்பெயரின் சாயல் இன்றும் அவ்வெழுத்துகளில் நிலைத்துள்ளது. செல்லும் ஊரின் எழுத்துகள் தாளில் சரியாக உள்ளனவா என ஒரு முறை பார்த்துவிட்டால், பெட்டி வேறோர் ஊருக்குச் செல்லும் இடர் குறையும். அவர்கள் தரும் துண்டுச் சீட்டையும் பேணி வைத்தல் வேண்டும். ஒருகால் பெட்டி வந்து சேராவிடின், நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அச்சீட்டைக் காட்டி முறையிடுவதற்கு அதுவே ஆதாரம்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. வெளிநாட்டுப் பயணங்களில், கைப்பையில் உள்ள நீர்மப் பொருள்கள் ஒவ்வொன்றும் 100 மில்லி லிட்டருக்கு மேற்படாத புட்டிகளில் இருத்தல் வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், குடிநீர் போலத் தோன்றும் வெடிநீர்மங்களைக் கொண்டு விமானங்களைத் தகர்க்கச் சிலர் செய்த சதியை இங்கிலாந்துக் காவல்துறையினர் கண்டறிந்து தடுத்தனர். அதன் விளைவாகவே இவ்விதி எழுந்தது. நீர்மங்களை ஆராயும் புதிய கருவிகள் அமைந்த சில நிலையங்களில் இது தளர்த்தப்பட்டுள்ளது. சோதனைக்கு நிற்குமுன் கைப்பேசி, பவர் பேங்க், மடிக்கணினி முதலியவற்றை எடுத்துத் தட்டில் வைத்து ஆயத்தமாக இருந்தால், பின்னால் நிற்போரும் காத்திருக்க நேராது. விளையாட்டாகவேனும் வெடிகுண்டு என்னும் சொல்லை அங்கே சொல்லலாகாது. அவ்விடத்தில் அது வேடிக்கையாகக் கொள்ளப்படமாட்டாது. பயணம் தடைப்படுவதோடு வழக்கும் வந்து சேரும்.

சோதனை முடிந்தபின் குறித்த வாயிலருகே சென்று அமர்தல் வேண்டும். கடையிலும் காட்சியிலும் மயங்கிக் காலம் தாழ்த்துவோரால் தமக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் இடர் நேர்கிறது. பெட்டியை ஒப்படைத்த ஒருவர் விமானத்தில் ஏறவில்லையெனில், அவருடைய பெட்டியைத் தேடி இறக்கிய பின்னரே விமானம் புறப்படும். இதன் காரணம் நெஞ்சை உருக்குவது. 1985-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23-ஆம் நாள், கனடா நாட்டிலிருந்து இந்தியாவை நோக்கி வந்த ‘கனிஷ்கா’ என்னும் ஏர் இந்தியா விமானம், அயர்லாந்துக்கு அருகே அட்லாண்டிக் பெருங்கடலின் மேல் வெடித்துச் சிதறியது. அதில் இருந்த 329 பேரும் மாண்டனர். வெடிகுண்டு ஒரு பெட்டியில் இருந்தது. அப்பெட்டியை ஒப்படைத்தவனோ விமானத்தில் ஏறவில்லை. இதனை அறிந்தவர், முன்பின் அறியாதவர் தரும் பொட்டலத்தை இரக்கத்தினாலும் ஏற்கமாட்டார்; தம் பையைப் பொதுவிடத்தில் விட்டு அகலவுமாட்டார்.

இனி விமானத்தினுள் செல்வோம். புறப்படுமுன் பணியாளர் இருக்கை வார் அணியும் முறையையும், அவசர வழிகள் உள்ள இடங்களையும் விளக்குவர். பலர் அதனைக் கேளாமல் வேறு எதிலோ ஈடுபட்டிருப்பர். அது தவறு. தம் இருக்கையிலிருந்து அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என எண்ணி வைத்துக்கொள்வது அறிவுடைமை. புகை சூழ்ந்தால் கண் பயன்படாது. எண்ணிய எண்ணிக்கையே வழிகாட்டும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் இருக்கையை நிமிர்த்தி, முன்பலகையை மடக்கி வைக்கச் சொல்வது வெளியேறும் வழியில் தடை இராமைக்காகவே. சாளரத் திரையைத் திறந்து வைக்கச் சொல்வது, வெளியே தீ உண்டா எனக் காண்பதற்காகும்.

பெரிய விமானங்கள் சுமார் 35,000 அடி உயரத்தில் பறக்கின்றன. அங்குள்ள காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. ஆகையால், விமானத்தினுள் காற்றைச் செலுத்தி, 6,000 முதல் 8,000 அடி வரை உயர்ந்த மலையில் இருப்பது போன்ற அழுத்தத்தை உண்டாக்குகின்றனர். விமானத்தில் அமர்ந்திருப்பவர், மூச்சளவில், உதகமண்டலத்தில் அமர்ந்திருப்பவரை ஒப்பர். அவ்வழுத்தம் குறைந்தால் மேலிருந்து பிராணவாயு முகமூடிகள் விழும். அப்போது தாம் முதலில் அணிந்துகொண்ட பின்னரே அருகிலுள்ள குழந்தைக்கு அணிவித்தல் வேண்டும். இது தன்னலம் அன்று. அவ்வுயரத்தில் பிராணவாயு இன்றி அறிவு தெளிவாக இருப்பது ஒரு நிமிடத்திற்கும் உட்பட்ட நேரமே. தாய் மயங்கிவிட்டால் குழந்தையைக் காப்பவர் யார்?

விமானம் இறங்கும்போது சிலருக்குக் காது வலிக்கும். செவிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம், வெளியே உயர்ந்துவரும் அழுத்தத்தோடு விரைவில் ஒத்துப்போகாமையே இதற்குக் காரணம். எச்சிலை விழுங்கினாலும், கொட்டாவி விட்டாலும், சிறிது நீர் பருகினாலும் தொண்டையையும் செவியையும் இணைக்கும் குழாய் திறந்து வலி தணியும். கைக்குழந்தைக்கு அவ்வேளையில் பாலூட்டுதல் நன்று. கடுஞ்சளி உடையோர் மருத்துவரைக் கலந்து பயணம் செய்தல் வேண்டும்.

தெளிந்த வானிலும் காற்றோட்டம் திடீரென மாறி விமானத்தைக் குலுக்குவதுண்டு. 2024-ஆம் ஆண்டு மே திங்கள் 21-ஆம் நாள், லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்ற விமானம் ஒன்று மியன்மார் நாட்டின் மேல் பறந்தபோது இவ்வாறு குலுங்கியது. ஐந்து வினாடிக்குள் அது ஏறத்தாழ 178 அடி கீழிறங்கியது. வார் அணியாதிருந்தோர் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டனர். பலர் காயமுற்றனர், ஒருவர் உயிர் நீத்தார். ஆகவே, அறிவிப்பு விளக்கு அணைந்திருப்பினும், அமர்ந்திருக்கும் நேரமெல்லாம் வாரை அணிந்திருத்தலே நன்று.

ஒழுங்கின் பெருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றைக் கூறி முடிப்போம். 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2-ஆம் நாள், ஜப்பான் தலைநகராகிய டோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் ஒரு பயணி விமானம் இறங்கியது. முந்திய நாள் நிலநடுக்கத்தால் வாடிய மக்களுக்கு உதவிப் பொருள்களை ஏற்றிச் செல்லவிருந்த கடலோரக் காவல் விமானம் ஒன்று ஓடுதளத்தில் நின்றிருந்தது. இரண்டும் மோதித் தீப்பற்றின. சிறு விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனர். பயணி விமானத்திலோ 379 பேர் இருந்தனர். உள்ளே புகை சூழ்ந்தது. ஒலிபெருக்கி அமைப்பும் பழுதுற்றது. எட்டு அவசர வழிகளுள் மூன்றே பயன்பட்டன. பணியாளர் உரத்த குரலில் வழி காட்டினர். பயணிகள் பைகளைத் தேடி எடுக்க முயலாமல், அவற்றை அப்படியே விட்டு, ஒருவர் பின் ஒருவராக வெளியேறினர். விமானம் எரிந்து சாம்பலாயிற்று. 379 பேரும் உயிர் பிழைத்தனர்.

அன்று ஒரு சிலர் தம் பைக்காக வழியில் நின்றிருந்தால், பின்னே இருந்தோர் நிலை என்னவாகியிருக்கும்? பொருளை இழந்தால் மீண்டும் ஈட்டலாம். உயிரை இழந்தால் மீட்க இயலாது. பதறாத காரியம் சிதறாது என்பர். காலத்தோடு செல்லுதல், அளவோடு சுமத்தல், சொல்வதைக் கேட்டல், பிறரையும் எண்ணி நடத்தல் ஆகிய இவையே விமானப் பயணத்தை இனிதாக்கும் வழிகள். மாணவர்களே! நாளை நீங்களும் வானில் பறப்பீர்கள். அன்று இருக்கை வாரை அணியும்போது, அது உங்களைப் பிணிக்கும் கட்டு அன்று, காக்கும் கை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.