இரவல் சீட்டில் கைநாட்டு

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றின் மணிமன்ற வாசகசாலை, இப்போது ஈப்போவில் என் நண்பர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெட்டிகளாக இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், புத்தகங்களை மட்டும் நண்பரின் அப்பா பட்டணத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். போன ஆண்டு ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார்த்தோம். மரியாதையாகவே பதில் சொன்னார்கள்: இடமில்லை, கறையான் பயம், தமிழ் நூல்களைப் பட்டியலிட ஆளில்லை.

மூன்றும் உண்மைதான். கோபப்பட ஒன்றுமில்லை.

ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை நேர்மாறு. அலமாரி இருந்தது, அதில் வைக்கத் தமிழ்ப் புத்தகம் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலம் அது. 1956இல் தொடங்கிய இந்திய இயல் துறையில் தமிழா சமஸ்கிருதமா என்று பெரிய வழக்கு நடந்தது. தமிழ் முரசின் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வரிந்துகட்டினார், அந்த அலமாரியை நிரப்ப 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு விடியுமுன் எழுந்து ஓடிய தோட்டத் தொழிலாளர்களும் கைக்காசைக் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளை அந்த வாசலை மிதிப்பான் என்ற நிச்சயம் அவர்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? துறை பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவராக இருந்தபோதுதான் 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அங்கே நடந்தது. 1969இல் இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் ஒரு பட்டியல் தயாரித்தார். அதை வெளியிட்டது பல்கலைக்கழக நூலகமே. எது எங்கே இருக்கிறது என்று தேடித் திரிந்த தலைமுறை அது.

இன்று பேராக்கிலேயே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் கல்லூரியாகப் பிறந்த சுல்தான் இட்ரிஸ் 1997இல் பல்கலைக்கழகமானது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் வந்தது. இக்கால மாணவர்கள் நூலகத்தில் முதலில் தேடுவது மின்செருகியை, அப்புறம் கூடிப் பேச ஓர் அறையை. எந்த ஊரிலும் இதே கதைதான். நாற்காலி வேண்டுமென்றால் அலமாரி நகர வேண்டும், அலமாரி நகர வேண்டுமென்றால் புத்தகங்களைக் கழிக்க வேண்டும். மலாய்மொழியில் இந்த வேலைக்குப் 'பெஞியாங்ஙான்' என்று பெயர். புல் பிடுங்குவதும் மீன் ஆய்வதும் அதே வேர்ச்சொல்தான். நம் அம்மாக்கள் புல்லு வெட்டிய மண்ணில் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

கழிப்பதற்குத் தோட்டத்துத் துரை வைத்திருந்த கணக்கே போதும் என்று நூலகத்தார் நினைக்கிறார்கள். பால்மரம் இருபத்தைந்து, முப்பது வயதானால் வரவு குறையும், வெட்டிவிட்டு மறுநடவு. பத்து வருடம் யாரும் இரவல் எடுக்காத புத்தகமும் அப்படியே. மரத்துக்கு இது சரி, ஏனென்றால் ஒட்டுக்கன்று கிடைக்கும். உள்ளூர் அச்சகத்தில் சில நூறு பிரதி அடித்த நாவலுக்கு ஒட்டுக்கன்று ஏது? நூல் வெளியிடுபவர் தேசிய நூலகத்துக்கு ஐந்து பிரதி கொடுக்க வேண்டும் என்கிறது 1986ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பே வந்துபோன தோட்டத்து மன்றங்களின் ஆண்டு மலர்களை எந்தச் சட்டம் காப்பாற்றும்?

வழி இல்லாமலில்லை. பிரிட்டனில் 2007இல் பல்கலைக்கழக நூலகங்கள் கூடி ஓர் ஏற்பாடு செய்தன. அதன்படி பழைய ஆய்விதழை ஒரு நூலகம் கழிக்குமுன் நாட்டில் மூன்று பிரதியாவது தங்குகிறதா என்று பார்த்தார்கள். முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, ஈப்போவில் உட்கார்ந்தே படிக்கலாம். 1924இல் தொடங்கி 2019இல் நின்ற தமிழ் நேசனை யார் வீட்டுப் பரணில் தேடுவது?

பெட்டியில் இருந்த நாவல் ஒன்றில் அட்டை போய்விட்டது, பின்பக்கத்து இரவல் சீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. வரிசையாகக் கையெழுத்துகள், நடுவே இரண்டு கைநாட்டுகள். படிக்கத் தெரியாதவர்கள் எதற்கு எடுத்துப் போனார்கள் என்று நண்பரின் அம்மாவிடம் கேட்டேன்.

"யாரையாச்சும் வாசிக்கச் சொல்லிக் கேப்பாங்க தம்பி. ராத்திரியில, லயத்து வாசல்ல உக்காந்து."

அடுத்த முறை கோலாலம்பூர் போகும்போது, சுப்பையாவின் பட்டியலில் அந்த நாவல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.