தேள் ஆராய்ச்சியும் ஒரு பேராசிரியரும்

தேளைக் கண்டவிடத்து அடித்துக் கொல்வதே உலக வழக்கு. அதன் பிறப்பு, ஆகாரம், நடமாட்டம் முதலியவற்றை விசாரிப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் அமெரிக்கரான பேராசிரியர் காரி போலிஸ் (1946–2000) முக்கியமானவர். அவர் டென்னஸி மாகாணத்து வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் பல்லாண்டு உபாத்தியாயராயிருந்து, பின்னர் கலிபோர்னியாவில் டேவிஸ் நகரத்துச் சர்வகலாசாலையை அடைந்தவர்.

அவருடைய ஆராய்ச்சி பெரிதும் தென் கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு மணல்மேடுகளில் நிகழ்ந்தது. தேள் இராக்காலத்திலேயே வெளிவரும். மணலின் நிறமும் அதன் நிறமும் ஒன்றே. ஆயினும் புற ஊதாக் கதிர் வீசும் விளக்கைக் காட்டினால் அது பச்சொளியுடன் மின்னும். இவ்விளக்கின் உதவியால் அவர் தேள்களை எண்ணி, அடையாளமிட்டு, அவற்றின் நடமாட்டத்தையும் இரையையும் வருஷக்கணக்கில் குறித்துவந்தார். தேள் தன் ஆயுளின் பெரும்பகுதியை வளையினுள் சும்மா கிடந்தே கழிக்கின்றது. பெரியது தன் இனத்துச் சிறியதைத் தின்பது தற்செயலன்று, வழக்கமான ஆகாரமேயாகும். ஆகவே, பெரியவை மிகுதியாய் உலவும் வேளைகளில் சிறியவை பெரும்பாலும் வெளியே வாரா.

குடியானவர்கள் விசேஷமாய்க் கவனிக்கத்தக்க பரீக்ஷையொன்று 1986-ம் வருஷம் வெளியாயிற்று. போலிஸும் மக்கார்மிக் என்பவரும் 29 மாதங்களில் அம்மணற்பரப்பின் 300 பாத்திகளிலிருந்து 6,000-க்கு மேற்பட்ட தேள்களை அகற்றினார்கள். தேள் ஒழிந்தால் பூச்சிகள் பெருகுமென்றே எவரும் நினைப்பர். பூச்சிகளின் தொகையில் குறிப்பிடத்தக்க மாறுதல் காணவில்லை, சிலந்திகளே பெருகின. தேள் சிலந்தியையும் தின்றுவந்ததே அதற்குக் காரணம்.

1990-ம் வருஷம் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை அச்சகத்தார் வெளியிட்ட "தேள்களின் உயிரியல்" என்னும் பெருநூலை அவரே தொகுத்தார். வகைப் பிரிவைப்பற்றிய அத்தியாயமும் அதிலுண்டு. நம் நாட்டார் நட்டுவாக்காலி, செந்தேள் என உருவையும் நிறத்தையும் கொண்டு பிரிப்பர். சாஸ்திரிகளோ வயிற்றடியிலுள்ள சீப்புறுப்பின் பற்களையும், கவ்வுகைகளிலுள்ள நுண்ணிய உணர்மயிர்களின் வரிசையையும் எண்ணுகிறார்கள். கவ்வுகை பெரிதானால் விஷமும் கடிது என்ற எண்ணம் பிழை. பெரிய நட்டுவாக்காலியைவிட, மெல்லிய கவ்வுகையுடைய செந்தேளே குழந்தைகளின் உயிருக்கு அபாயமானது; அது கொட்டினால் மந்திரிப்பதில் காலம் போக்காது உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 1798-ம் வருஷம் பப்ரீஷியஸ் என்னும் டேனிஷ் சாஸ்திரி இச்செந்தேளுக்கு இட்ட "தமுலஸ்" என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

பிற்காலத்தில் போலிஸ் மெக்ஸிகோ தேசத்துக் கலிபோர்னியா வளைகுடாத் தீவுகளை ஆராய்ந்தார். மழை அருகிய அத்தீவுகளில் பயிர்பச்சை சொற்பம். ஆயினும் சிறு தீவுகளில் சிலந்திகள் மிகுதி. கரையொதுங்கும் கடற்பாசியையும் இறந்த பிராணிகளையும் பூச்சிகள் தின்ன, அப்பூச்சிகளை அவை தின்னுகின்றன. கடலே அத்தரைக்கு எருவிட்டதற்கொப்பாகும்.

2000-ம் வருஷம் மார்ச்சு மாதம் 27-ம் தேதி, தீவொன்றிலிருந்து திரும்புகையில் பெருங்காற்றில் படகு கவிழ்ந்தது. போலிஸும், உடன் சென்ற ஆராய்ச்சியாளர் மைக்கேல் ரோஸும், கியோட்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அபே, ஹிகாஷி, நகானோ என்னும் மூன்று ஜப்பானிய அறிஞர்களும் உயிரிழந்தனர். அவர் தொடங்கி வைத்த உணவு வலைகள் பற்றிய நூல், உடனுழைத்தோரால் 2004-ம் வருஷம் அச்சாயிற்று.