கிழக்குக்கரைப் பயணம்: இரவு எங்கே தங்குவது?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டாலே நம் வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "இந்தத் தடவையாவது எங்கேயாவது கூட்டிக்கொண்டு போங்கப்பா" என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். எந்தக் கடற்கரைக்குப் போவது, வழிக்கு எலுமிச்சைச் சாதமா புளிச்சாதமா, யார் முன் இருக்கையில் உட்காருவது என்று எல்லாம் முடிவாகும். ஒன்றை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் எங்கே தலை சாய்ப்பது?

"போகிற இடத்தில் பார்த்துக்கொள்வோம்!" குடும்பத் தலைவர்கள் பலர் சொல்லும் பதில் இதுதான். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

1997 ஜூன் மாதம். என் தாயார் ஜொகூர் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். அவர் பார்த்த கடலெல்லாம் போர்ட்டிக்சனும் மலாக்காவும்தான். அங்கே சூரியன் கடலில் இறங்கும். "கடலிலிருந்து சூரியன் மேலே வருமாமே, அதை ஒரு தடவை பார்க்கணும்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகவே கிழக்குக்கரைக்குக் கிளம்பினோம்.

கிளம்பியதே நண்பகலுக்குப் பிறகு. கோத்தா திங்கி நீர்வீழ்ச்சியில் பிள்ளைகள் குளித்து முடித்து, மெர்சிங் போய்ச் சேர மாலை ஆறு மணி. "ஏங்க, இங்கேயே தங்கிடலாமே, அத்தைக்குக் கால் வீங்கியிருக்கு" என்றார் என் மனைவி. நான் கேட்கவில்லை. குவாந்தான்தான் என் கணக்கு. ரொம்பின் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. இருட்டு. ஒரு வளைவில் திரும்பினால், சாலை நடுவே நான்கைந்து மாடுகள் படுத்துக் கிடக்கின்றன! நான் பிரேக்கை மிதித்த மிதியில் கார் வழுக்கிக்கொண்டு போய், ஒரு மாட்டின் கொம்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிள்ளைகள் அலறினார்கள். அம்மா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

குவாந்தானில் இரவு பதினொரு மணி. ஐந்து விடுதிகளில் கேட்டேன், எங்கும் இடமில்லை. எண்ணெய் நிலையமொன்றின் ஓரத்தில் காரிலேயே படுத்தோம். விடிந்ததும் அம்மாவின் கால்களைப் பார்த்தேன், செருப்பு நுழையவில்லை. அன்றே வீடு திரும்பினோம். கடலை அவர் பார்த்தது கார்க் கண்ணாடி வழியாகத்தான்.

அந்த இரவு எனக்குக் கற்றுக் கொடுத்ததையும், பிறகு பல தடவை அதே சாலையில் போய்த் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்காவது அந்த அனுபவம் வேண்டாம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

கிழக்குக்கரைக்கு நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் மழை மிகக் கடுமை. ஆண்டிறுதி விடுமுறை கிடைக்கிறதே என்று அந்தச் சமயத்தில் குழந்தைகளோடு கிளம்பாதீர்கள். 2014 டிசம்பரில் கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களை மூழ்கடித்த வெள்ளத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். வெள்ளம் இல்லாவிட்டாலும் அலை பெரிது. கடலில் கால் நனைக்கவும் முடியாது. பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளின் விடுதிகளும் பெரும்பாலும் அந்த மாதங்களில் மூடிக் கிடக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உள்ள காலமே உசிதம்.

எந்த மாதமானாலும் கடற்கரையில் சிவப்புக் கொடி பறந்தால், பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா பாரு வரை கடலோரமாகப் போவது மூன்றாம் எண் கூட்டரசுச் சாலை. அதன் நீளத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜொகூர் பாரு முதல் மெர்சிங் வரை சுமார் 130 கிலோமீட்டர். மெர்சிங் முதல் குவாந்தான் வரை சுமார் 190. குவாந்தான் முதல் கோலத் திரங்கானு வரை சுமார் 200. அங்கிருந்து கோத்தா பாரு சுமார் 165. மொத்தத்தில் ஏறக்குறைய 685 கிலோமீட்டர்.

நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம். கடலோரச் சாலையில் அப்படியல்ல. கம்பத்துக்குக் கம்பம் வேகத்தைக் குறைக்க வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி முன்னால் போனால், அதன் பின்னாலேயே ஊர்ந்து போக வேண்டும். நடுநடுவே பிள்ளைகளுக்குக் கழிவறை, பெரியவர்களுக்குக் கால் நீட்ட ஓர் இடம். ஆகவே வயதானவர்களும் குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அது பயணமாக இராது, லாரி ஓட்டும் வேலையாகிவிடும்.

இன்னொரு கட்டுப்பாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு மேல் இருட்டிவிடும். கிழக்குக்கரைச் சாலைகளில் மாடும் ஆடும் அவிழ்த்துவிட்டபடி திரிவதுண்டு. இரவில் தார்ச்சாலையின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு கண்ணுக்குத் தெரிவது காருக்கு மிக அருகில் வந்த பிறகுதான்!

கிழமையையும் கவனியுங்கள்

ஜொகூரிலும் பகாங்கிலும் வார விடுமுறை சனி, ஞாயிறு. திரங்கானுவிலும் கிளந்தானிலும் வெள்ளி, சனி. இதனால் உங்களுக்கு என்ன என்று கேட்கிறீர்களா? குவாந்தானில் வெள்ளி, சனி இரவுகளில் அறை கிடைப்பது கடினம். கோலத் திரங்கானுவிலும் கோத்தா பாருவிலும் வியாழன், வெள்ளி இரவுகளில் கடினம். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரம் முடியும் வரை கடைகள் பலவும் அடைத்திருக்கும். எண்ணெயையும் சாப்பாட்டையும் அதற்கு முன்பே கவனித்துக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில் போகிறவர்கள் பகல் உணவைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. அதைப் பலர் பார்க்கும் பொது இடத்தில் விரித்து வைத்துச் சாப்பிடாமலிருப்பது நாம் காட்டும் மரியாதை.

எங்கெங்கே தங்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஜொகூர் பாருவிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் இரவு மெர்சிங். தூரம் குறைவுதான். ஆனால் முதல் நாள் கிளம்புவதில் எப்போதும் தாமதம் இருக்கும். அதற்கு இடம் விட்டதாகவும் ஆயிற்று. வார விடுமுறை முடிந்து கூட்டம் திரும்பியிருக்கும். தியோமான் தீவுக்குப் படகு ஏறுவது இங்கேதான். படகு நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து மாறும். தீவுக்குப் போகிறவர்கள் முன்னதாகவே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கள் இரவு குவாந்தான் அல்லது செராத்திங். வழியில் ரொம்பினில் பெரிய ஆற்று இறால் பெயர் பெற்றது. பெக்கானில் பகாங் ஆற்றைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு இதுதான். பட்டண வசதி வேண்டுவோர் குவாந்தானில் தங்கி, மாலையில் தெலுக் செம்பெடாக் கடற்கரைக்குப் போய் வரலாம். அமைதி வேண்டுவோர் இன்னும் 45 கிலோமீட்டர் போனால் செராத்திங். அங்கே கடலாமைக் காப்பகமும் உண்டு.

செவ்வாய், புதன் இரண்டு இரவும் கோலத் திரங்கானு. நடுவில் ஒரு நாளாவது கார் ஏறாமல் இருக்க வேண்டும். துணி துவைக்கவும், பெரியவர்கள் படுத்து எழவும் அந்த நாள் தேவை. போகும் வழியில் கெமாமானில் சத்தார் வாங்கிச் சாப்பிடுங்கள். மீனைத் தேங்காயோடு அரைத்து வாழையிலையில் மடித்துத் தணலில் வாட்டித் தருவார்கள். டுங்குனுக்கு அருகே ரந்தாவ் அபாங் கடற்கரை வரும். 1950-களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் வரை தோண்டி ராட்சத ஆமைகள் முட்டையிட்ட இடம் அது. முட்டை எடுப்பதும் மீன்வலையும் சேர்ந்து அந்த இனத்தை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டன. திரங்கானு அரசு 2022-இல் எல்லா ஆமை முட்டை வணிகத்துக்கும் தடை விதித்தது. யாராவது இரகசியமாக விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாராங் என்று ஓர் ஊர், மெராங் என்று ஓர் ஊர். மாராங் கோலத் திரங்கானுவுக்குத் தெற்கே. காப்பாஸ் தீவுக்குப் படகு அங்கிருந்து. மெராங் வடக்கே, ரெடாங் தீவுக்கு அங்கிருந்து. பெயரைச் சரியாகப் படிக்காமல் தெற்கே போய்ப் படகைக் கோட்டைவிட்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்!

வியாழன் இரவு கோத்தா பாரு. அது அவர்களின் விடுமுறைத் தொடக்கம் ஆகையால் இந்த அறையை மட்டும் பல வாரங்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். காலையில் சித்தி கதிஜா சந்தைக்குப் போனால், காய்கறிக் குவியல்களுக்கு நடுவே வியாபாரம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாகவே இருப்பதைக் காணலாம். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கரையேறியது இந்தப் பட்டணத்துக்கு அருகிலுள்ள கடற்கரையில்தான். சயாம் மரண ரயில் பற்றிக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களுக்கு அது வெறும் சரித்திரமல்ல.

அறை கேட்கும்போது

கைத்தொலைபேசியில் படத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுவது இப்போது சுலபம். ஆனாலும் விடுதிக்கு ஒரு தடவை போன் செய்து பேசிவிடுங்கள். கேட்க வேண்டியவை நான்கு. தரைத்தளத்தில் அறை உண்டா, அல்லது மின்தூக்கி உண்டா? எத்தனை கட்டில், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு வெள்ளி? கழிவறை உட்காரும் வகையா? தாமதமானால் எத்தனை மணி வரை அறையை வைத்திருப்பார்கள்? மூட்டுவலியுள்ள பாட்டிக்கு, கடல் தெரியும் மூன்றாம் மாடியைவிடப் படி ஏறாத பின்கட்டு அறையே மேல்.

எல்லா இரவுக்கும் முன்பதிவு செய்ய வேண்டுமென்பதில்லை. விடுமுறைக் காலமல்லாத நாளில் முதல் இரவையும் கூட்ட இரவையும் பதிந்துவிட்டு, நடுவில் ஒன்றைத் திறந்து வைத்தால், பிடித்த ஊரில் ஒரு நாள் கூட இருக்கலாம். பள்ளி விடுமுறையானால் எல்லாவற்றையும் பதிந்துவிடுங்கள்.

வாய்க்கும் வயிற்றுக்கும்

திரங்கானுவிலும் கிளந்தானிலும் நம் கடைகள் குறைவு. மரக்கறிச் சாப்பாட்டுக்காரர்களுக்குச் சிரமம்தான். நாசி டாகாங் சூரை மீன் குழம்போடு வரும். நாசி கெராபுவில் சேர்க்கும் பூடு நெத்திலியில் செய்தது. பட்டணங்களில் சீனர் நடத்தும் மரக்கறிக் கடைகளை விசாரித்து வையுங்கள். ஒரு சிறு மின்சாரச் சோற்றுப்பானை, கொஞ்சம் அரிசி, ஊறுகாய், பருப்புப் பொடி காரின் பின்னால் இருந்தால் கவலையே இல்லை. அறையில் சமைக்கலாமா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். பெரியவர்களின் மருந்தை இரண்டு பையில் பிரித்து வையுங்கள். ஒன்று காணாமற் போனாலும் மற்றது இருக்கும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு

பாலத்தில் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து, விடியற்காலையிலேயே கிளம்புங்கள். எண்ணெய்த் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருந்தால்தான் சிங்கப்பூரை விட்டு வெளியே விடுவார்கள். மலேசியாவில் வெளிநாட்டுக் கார்களுக்கு மானிய விலை ரோன் 95 எண்ணெய் போடக்கூடாது. வாகன நுழைவு அனுமதி முறையும் 2025 ஜூலை முதல் முழுமையாக அமலுக்கு வந்துவிட்டது. பதிவை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் கிரிக் வழியாகப் பேராக்குக்கோ கெடாவுக்கோ போகிறவர்கள், 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். அங்கே குறுக்கே வருவது மாடல்ல, யானை!

மறுபடியும் 1999 ஜூன் மாதத்தில் கிளம்பினோம். இந்தத் தடவை முதல் இரவு மெர்சிங், மறு இரவு செராத்திங். தரைத்தள அறை, கடல் ஐம்பதடி தூரம். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார். பெரட்டுக்கு எழுந்த பழக்கம் போகவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மணலில் போய் உட்கார்ந்தார். ஏழு மணிக்குச் சற்று முன்னால் சூரியன் வந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முப்பது வருஷமா இதே நேரத்துலதான் நிரையில நின்னேன். மரத்தைத்தான் பார்த்தேன், இதைப் பார்க்கல" என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்கு எவ்வளவு தூரம் ஓட்டணும்பா?" என்று கேட்டார்.

"இன்னிக்கு எங்கேயும் போகலம்மா. இன்னொரு இராத்திரிக்கும் அறை சொல்லியிருக்கேன்" என்றேன்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் அப்படி ஓர் ஆசை இருக்கலாம். இன்றே கேட்டுப் பாருங்கள். பிறகு வரைபடத்தை விரித்து, போகிற ஊரைக் குறிப்பதற்கு முன்னால் தங்குகிற ஊர்களைக் குறியுங்கள். பயணம் இனிதே அமையட்டும்!