இன்னும் எத்தனை வரும்?

எங்கள் தெரு முனையில், பெயின்ட் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம். ஜனவரி முதல் வாரம் அங்கே போனால் செருப்பு விட இடம் இருக்காது. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை, ஏப்ரலில் வெயில். ஆண்டுச் சந்தா மட்டும் டிசம்பர் வரை உயிரோடு இருக்கும். மொத்தமாகக் கட்டிவிட்டால் போன பணத்தை நினைத்தாவது கால் நடக்கும் என்று நானும் ஒருமுறை கட்டியிருக்கிறேன். பத்தே நாளில் பணம் மறந்துபோனது.

இரண்டாம் முறை சேர்ந்தபோது எனக்கு 46 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பயம். அந்தப் பயமும் மூன்று வாரம்தான் தள்ளியது. அதற்குப் பிறகும் விடாமல் போனதற்கு மனவுறுதிதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் காரணம், ஒரு நாற்பது பக்க நோட்டும் மாஸ்டர் கேட்கும் ஒரு கேள்வியும்.

முதல் ஆறு வாரத் தேனிலவு

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் சில வாரங்கள் சொர்க்கம். வெறும் கம்பியைத் தூக்கவே கை நடுங்கியவர், மாதம் முடிவதற்குள் இரண்டு பக்கமும் பிளேட் மாட்டித் தூக்குவார். இதில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் வருவதல்ல. இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் பழகிக்கொள்கின்றன, அவ்வளவுதான். தொடக்கத்தில் கூடும் பலத்துக்கு நரம்புகளே முக்கியக் காரணம், தசைப் பெருக்கம் பிறகுதான் கைகொடுக்கிறது என்பதை மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இருவர் 1979இலேயே ஆராய்ந்து எழுதினார்கள்.

நரம்பின் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். தசையோ மாதக்கணக்கில் ஆடி அசைந்து வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வறண்ட காலம் உண்டு. கண்ணாடியில் மாற்றம் தெரியாது, எடையும் ஏறாது, உடம்பு வலி மட்டும் மிச்சம். "ஆர்வம் போச்சு சார்" என்று பலர் விலகுவது இங்கேதான். போனது ஆர்வம்தானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. முன்னேறுகிறோமா என்று பார்க்க அவர்களிடம் கண்ணாடியைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. கண்ணாடி அவ்வளவு நுணுக்கமாகக் கணக்குச் சொல்லாது.

ராணுவ ஆஸ்பத்திரியில் பிறந்த கணக்கு

இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் இருந்தார். முழங்காலில் அடிபட்ட வீரர்கள் மாதக்கணக்கில் படுக்கையை விட்டு நகரவில்லை. லேசான பயிற்சியை நிறையத் தடவை செய்யச் சொல்வதே அன்றைய வழக்கம். டிலார்ம் அதை மாற்றினார். ஒருவரால் சரியாகப் பத்து தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை எதுவென்று பார்த்தார். பயிற்சியை அந்த எடையில் வைத்து, பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். காலில் பலம் திரும்பியது. 1945இல் இதைக் கட்டுரையாக எழுதினார்.

அதைவிட எனக்குப் பிடித்தது மூன்று வருஷம் கழித்து அவர் செய்த திருத்தம். முதலில் ஒரு நாளைக்கு 70 முதல் 100 தடவை தூக்கச் சொன்னவர், அவ்வளவு தேவையில்லை, 20 முதல் 30 போதும் என்று 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதினார். பத்து தடவைக்கான எடையில் பாதியில் ஒரு செட், முக்காலில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட். இன்றைக்கும் மாஸ்டர்கள் "மூணு செட், பத்து பத்து" என்கிறார்களே, அந்தக் கணக்கின் பழைய வீடு இது.

என் நோட்டிலும் இதுதான் இருக்கிறது. தேதி, பயிற்சியின் பெயர், எடை, எத்தனை தடவை. போன செவ்வாய் 40 கிலோவில் எட்டு வந்திருந்தால் இந்தச் செவ்வாய் ஒன்பதுக்கு முயற்சி. பத்து வந்துவிட்டால், அடுத்த முறை பக்கத்துக்கு ஒன்றேகால் கிலோ பிளேட். 'இன்னும் கடினமாக உழைக்க வேண்டும்' என்ற பெரிய சபதம், எட்டை ஒன்பதாக்கும் சின்ன வேலையாகச் சுருங்கிவிடுகிறது. சின்ன வேலை என்றால் உடம்பு அவ்வளவாக முரண்டு பிடிப்பதில்லை.

மாஸ்டரின் கேள்வி

ஒவ்வொரு செட் முடிந்ததும் எங்கள் மாஸ்டர் ஒன்றுதான் கேட்பார்: "இன்னும் எத்தனை வரும்?"

முதல் மாதம் நான் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான்: "ஒண்ணுகூட வராது மாஸ்டர்." ஒருநாள் பெஞ்ச் பிரஸ்ஸில் எட்டாவது முடித்துக் கம்பியைத் தாங்கியில் வைக்கப் போனேன். தலைமாட்டில் நின்றவர் கம்பிக்கடியில் இரண்டு விரலை மட்டும் காட்டி, "நான் இருக்கேன், தூக்குங்க" என்றார். ஒன்பது வந்தது. பத்தில் கம்பி பாதி வழியில் ஆமையாகிவிட்டது. பதினொன்றில் இடது முழங்கை வெளியே பிதுங்கியது, கம்பி சாய்ந்தது, அவர் பிடித்துக்கொண்டார். 'ஒன்றுகூட வராது' என்று நான் நினைத்த இடத்தில் இரண்டு ஒளிந்திருந்தன.

எரிச்சலையும் மூச்சிரைப்பையும் பார்த்து 'முடிந்தது' என்று மனசு முந்திக்கொள்கிறது. கம்பியின் வேகம்தான் நம்பத் தகுந்த அடையாளம். முழு முயற்சியோடு தள்ளியும் கம்பி தானாக மெதுவாகிறதென்றால், இன்னும் ஒன்றோ இரண்டோ பாக்கி. பெரும்பாலான செட்டுகளை அங்கே நிறுத்தினால் போதும். மொத்தமாகச் சோர்ந்து விழும்வரை ஒவ்வொரு செட்டையும் இழுப்பவர், மறுநாள் மாடிப்படி ஏறவே யோசிப்பார். எல்லை எதுவென்று பார்த்தே தீர வேண்டுமானால் மெஷினில் பாருங்கள். தலைமாட்டில் ஆளில்லாமல் பெஞ்ச் பிரஸ்ஸில் பார்க்காதீர்கள்.

பக்கத்தில் யார்?

1920களில் பெர்லின் படகோட்டும் சங்கம் ஒன்றில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை வைத்தார். கை சோரும்வரை ஒவ்வொருவரும் தனியாக எடையை மடக்கித் தூக்க வேண்டும். பிறகு, இரட்டிப்பு எடையுள்ள கம்பியை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். ஒருவர் விட்டால் இருவரும் விட்ட கணக்கு. ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ஒரு நிபந்தனை: இருவருக்கும் பலத்தில் சுமாரான வித்தியாசம் இருக்க வேண்டும். சமமாக இருந்தாலோ மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலோ அந்த வேகம் வரவில்லை.

ஜிம்மில் துணை தேடும்போது இது உதவும். நம்மைவிட ஒரு பிளேட் கூடுதலாகப் போடுகிறவர் போதும். எனக்கு வாய்த்தவன் கூரியர் கம்பெனிப் பையன், 24 வயது. காலை ஐந்தே முக்காலுக்கு, "அண்ணே, கீழ நிக்கிறேன்" என்று போன் வரும். அதற்குமேல் போர்வைக்குள் இருக்க மானம் விடாது.

மனசு வராத நாள்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக மாற, நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒருநாள் விட்டதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. இருபத்தொரு நாள் சவால் விடுகிற வீடியோக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

மனசு வராத நாளில் நான் எனக்குக் கொடுக்கும் சலுகை: போய்ப் பத்து நிமிஷம் வார்ம்-அப் செய்துவிட்டுத் திரும்பிவிடலாம். அப்படித் திரும்பிய நாட்களும் உண்டு, நோட்டில் இருக்கிறது. ராத்திரி தூக்கம் கெட்டிருந்தால் எடையைக் கூட்டும் பேச்சே இல்லை.

வீரம் காட்டக்கூடாத இடம்

மூச்சை அடக்கிக்கொண்டு எடை தள்ளும்போது ரத்த அழுத்தம் எங்கே போகிறது என்று கனடாவின் மேக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் அளந்து 1985இல் வெளியிட்டார்கள். இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்தபோது சராசரி 320/250. ஒருவருக்கு 480/350ஐத் தாண்டியது. அவர்கள் பழகிய பாடி பில்டர்கள். அழுத்தமும் சில நொடிகளில் இறங்கிவிடும். ஆனால் கட்டுக்குள் வராத பிரஷரோடு, நாற்பதைத் தாண்டிய ஒருவர் பக்கத்து மெஷின் பையனைப் பார்த்து ரோஷப்பட்டால் கதை வேறு. டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். தள்ளும்போது மூச்சை விடுங்கள்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் என்றால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது, உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்று பலருக்குத் தெரியாது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்து ஒரே நாளில் உடம்பைப் பிழிந்தால், தசை சிதைந்து அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். தாங்க முடியாத வலியும் வீக்கமும் இருந்து, சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் காத்திருக்காதீர்கள். 'சீக்கிரம் ரிசல்ட்' ஊசி பற்றி யாராவது காதைக் கடித்தால், அந்த ஜிம்மையே மாற்றிவிடலாம்.

எண் இறங்கும்போது

வேலூர் சத்துவாச்சாரிக்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018இல் கோல்ட் கோஸ்ட்டுக்கு, தேசியப் போட்டியில் தொடையில் பட்ட காயத்தோடு போனார். அங்கே தூக்கியது 317. பதினொரு கிலோ குறைவு, அதற்கும் தங்கம்.

போன மாதம் எனக்கு வைரல் காய்ச்சல். இரண்டு வாரம் கழித்துப் படியேறிப் போனேன். 45இல் நின்றிருந்த பெஞ்ச் பிரஸ்ஸுக்கு மாஸ்டர் 30தான் மாட்டினார். நோட்டில் 30 என்று எழுதவே கை கூசியது. எட்டு முடித்தேன்.

"இன்னும் எத்தனை வரும்?"

"மூணு வரும் மாஸ்டர்."

"வரட்டும், வியாழக்கிழமை பாத்துக்கலாம். கம்பியை வைங்க சார்."